ஐயோவால் அளந்த காடு

முன்னொரு காலத்தில் குளிர்மலை நாட்டை மழவராயன் என்றொரு ராஜா ஆண்டு வந்தார். காலையில் ஒரு கட்டளை, மாலையில் இன்னொன்று, நடுவில் நல்ல தூக்கம். அவருடைய பசுக்கள் மேய்வதற்கென்றே, மரங்களுக்கிடையே புல் விரிந்த மலைக்காடு ஒன்று காவலில் இருந்தது.

ஒரு வருஷம் அரண்மனைக்குப் பால் வரத்து குறைந்தது. "இடையர்கள் கறந்து குடித்துவிடுகிறார்கள்" என்று வனக்காப்பாளர் வீரகேது வத்தி வைத்தார். "நாளைக்கே மலையை விட்டு இறங்கட்டும்" என்றார் ராஜா.

இடைச்சி மாதி சபைக்கு ஓடி வந்து அழுதாள். "சாமி, மாடெல்லாம் எலும்புந்தோலுமா நிக்குது. காடு பூரா உண்ணி முள்ளுச்செடி. புல்லு எங்க இருக்கு?"

பூ அழகாயிருக்கிறதென்று அந்தச் செடியை வெளிதேசத்திலிருந்து கொண்டுவந்து நட்டவரே வீரகேதுதான். "இங்கொன்றும் அங்கொன்றுமாக இருக்கலாம், மகாராஜா. குதிரையில் போய்ப் பார்த்தேனே" என்றார்.

"பாதையில் போனீரா, காட்டுக்குள் போனீரா?" என்று கேட்டார் அமைச்சர் இளவழுதி. "ராஜா வருவாரென்று பாதையோரத்தை மட்டும் வெட்டி வைப்பது நம் நாட்டு வழக்கமாயிற்றே."

ராஜாவுக்குச் சுருக்கென்றது. "அப்படியானால் அளந்து காட்டும், அமைச்சரே. முடியாவிட்டால் இடையர்களோடு நீரும் இறங்கும்."

"வீரகேதுவே அளக்கட்டும், மகாராஜா. காட்டுக்குக் குறுக்கே கயிறு கட்டுவோம். கயிற்றை விட்டு விலகாமல் வெறுங்காலோடு நடக்கட்டும். புல்லென்றால் பேசாமல் போவார். உண்ணி முள்ளென்றால் 'ஐயோ' என்பார். கணக்கு தானாக வந்துவிடும்."

வீரகேது அலட்சியமாகச் செருப்பைக் கழற்றினார். முதல் அடியிலேயே "ஐயோ". அப்புறம் காடு முழுக்க அதே பாட்டுத்தான். கடைசியில் தலைப்பாகையைப் புதரில் விட்டுவிட்டு நொண்டிக்கொண்டு வந்தார்.

"எத்தனை ஐயோ?" என்று அமைச்சரைக் கேட்டார் ராஜா.

"எண்ணி மாளவில்லை, மகாராஜா. வாய் மூடியிருந்த இடத்தை எண்ணுவதுதான் சுலபம்."

"பால் திருடனின் பெயர் உண்ணி" என்றார் அமைச்சர். "புல் இருந்த இடத்தையெல்லாம் உண்டது அவன்தான்."

ராஜா தம் பட்டுச் சால்வையை அமைச்சருக்குப் போர்த்தினார். இடையர்கள் மலையிலேயே இருந்தார்கள். "நட்ட கையே பிடுங்கட்டும்" என்று வீரகேதுவுக்கு உத்தரவாயிற்று. பாவம், வருஷம் பூராவும் குனிந்தே கிடந்தார்.

அடுத்த வருஷம் அதே கயிறு. "நானே நடப்பேன்" என்று ராஜா கிளம்பினார். முழங்கால் உயரப் புல்லில் பசுக்கள் நிமிராமல் மேய்ந்தன. கயிறு முடிகிற இடத்தில் ஒரே ஒரு "ஐயோ" கேட்டது. வீரகேது விழுந்தடித்து ஓடினார்.

"எங்கே மகாராஜா உண்ணி?"

ராஜா காலைத் தூக்கிக் காட்டினார். "உண்ணியில்லையய்யா, சாணி."

"புல்லு இருந்தாத்தானே சாமி சாணி இருக்கும்" என்று மாதி பால்செம்பை நீட்டினாள். காலைக்கூடக் கழுவாமல் ராஜா அதை வாங்கிக் குடித்தார்.