உப்பு கேட்டுப் போனவர்

மருதங்குடி முடிந்து ஆறு தொடங்கும் இடத்தில் ஒரு சின்ன மடம் இருந்தது. மடம் என்றால் கோபுரமோ நிலபுலனோ கிடையாது. ஒரு கூடம், ஒரு அடுக்களை, ஒரு கிணறு, அவ்வளவுதான். அதை நடத்தியவர் உமையாள் அம்மை. வழிப்போக்கர்களுக்குக் கஞ்சி ஊற்றுவார். கேட்டால் பேசுவார். கேட்காவிட்டால் சும்மா இருப்பார்.

அரங்கநாயகம் அவருடைய சீடர். வயதில் குருவைவிட மூத்தவர். தாலுகா கச்சேரியில் குமாஸ்தா வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி காலமான பிறகு மடமே கதியென்று வந்து சேர்ந்தார். குரு அவரை ஐயா என்பார். அவர் குருவை அம்மா என்பார். கடை கண்ணிக்குப் போய் வருவது அவர் பொறுப்பு.

அந்த வருஷம் கோடையில் அக்கரை ஊர்களில் வாந்திபேதி கண்டது. மருதங்குடிக்கு நோய் இன்னும் வரவில்லை. செய்தி வந்துவிட்டது. நோயைவிடச் செய்திக்குக் கால் நீளம் அல்லவா?

ஒரு நாள் காலை அரங்கநாயகம் வெறும் பையோடு கடைத்தெருவிலிருந்து திரும்பினார். முகம் சிவந்திருந்தது.

"உப்பு கிடைக்கவில்லை அம்மா. அரிசி இல்லை. வத்திப்பெட்டி இல்லை. சூடம் இல்லை. கடை கடையாக வழித்துக்கொண்டு போய்விட்டார்கள். ஒருவர் பினாயில் பாட்டில்களைக் கோணிப்பையில் கட்டித் தூக்கிப் போகிறார். எதற்கு இத்தனை என்றேன். 'தெரியலைங்க, எதுத்த வீட்டுல வாங்கினாங்க' என்கிறார்."

உமையாள் அம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"தையற்காரர் மாசிலாமணி இருக்கிறாரே, கடைசி உப்பு மூட்டையை அவர்தான் தோளில் போட்டுக்கொண்டு போனார். பின்னால் ஒரு கைக்குழந்தைக்காரி ஒரு கை உப்பு கேட்டுக்கொண்டே ஓடினாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நோய் வந்தால் மனிதர்கள் ஏன் அம்மா இப்படி வாங்கிக் குவிக்கிறார்கள்? அத்தனையும் பேராசை."

"பேராசை என்று அவர் சொன்னாரா?"

"சொல்ல வேண்டுமா? கண்ணால் பார்த்தேனே."

"கண்ணால் பார்த்தது மூட்டையை."

குரு கீரையைத் தட்டில் அள்ளிக்கொண்டு எழுந்தார்.

"அவர் வீட்டுக்குப் போய் ஒரு படி உப்பு கேளுங்கள். என்னிடம் கேட்டதை அவரிடமே கேளுங்கள்."

மாசிலாமணியின் வீடு சேணியர் தெருவில் நடுவாக இருந்தது. முன்னறையில் தையல் இயந்திரம் இருக்கும். இப்போது இயந்திரத்தைச் சுவரோரம் தள்ளிவிட்டு மூட்டைகளை அடுக்கியிருந்தார். கதவு சாத்தியிருந்தது. ஜன்னல் வழியாகத்தான் பேசினார்.

"உப்பா? இல்லைங்க."

"காலையில் மூட்டையைப் பார்த்தேன்."

"இருக்கு. குடுக்கறதுக்கு இல்ல."

அரங்கநாயகத்துக்குச் சுருக்கென்றது. கோபத்தை அடக்கிக்கொண்டு கேட்டார். "வீட்டில் இருப்பது நீங்களும் உங்கள் மனைவி சௌந்தரமுமாக இரண்டு பேர். இத்தனையும் எதற்கு?"

மாசிலாமணி ஜன்னலைச் சாத்தப் போனவர், சாத்தாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"நான் சின்னப் பிள்ளையா இருக்கையில எங்க ஊர்ல பிளேக் வந்துச்சு. எங்க தம்பிக்குக் காய்ச்சல்னு தெரிஞ்சதும் வாசல்ல முள்ளைப் போட்டு அடைச்சுட்டாங்க. எங்க அப்பா தினமும் காலையில ஒரு குண்டானை முள்ளுக்கு வெளியே வைப்பாரு. யாராச்சும் ஏதாச்சும் போடுவாங்கன்னு. சாயங்காலம் எடுத்துப் பார்த்தா வெறும் குண்டான். மறுநாளும் வைப்பாரு. எல்லாரும் சொந்தக்காரங்க. ஒரே தெரு. தம்பி காய்ச்சல்ல சாகலைங்க. காய்ச்சல் விட்டுப்போச்சு. அப்புறம் பசியில செத்துப்போனான்."

அரங்கநாயகம் கையிலிருந்த வெறும் பையை மடித்துக்கொண்டார்.

"நோய்னு ஒரு வார்த்தை காதுல விழுந்தா என் காலு தானா கடைக்குப் போகுது. அந்தப் பொம்பளை கேட்டது எனக்கும் கேட்டுச்சு. திரும்பிப் பார்த்தா குடுத்துடுவேன்னு பயம். நீங்க போயிட்டு வாங்க."

ஜன்னல் சாத்திக்கொண்டது.

மடத்துக்கு வந்து நடந்ததைச் சொன்னார் அரங்கநாயகம். பேராசை என்ற சொல் இந்தத் தடவை அவர் வாயில் வரவில்லை.

"உப்பு?" என்றார் குரு.

"தரவில்லை அம்மா."

"சரி. நாளையும் போங்கள். எதுவும் கேட்காதீர்கள். 'உங்களுக்கு என்ன வேண்டும்?' என்று மட்டும் அவரிடம் கேட்டுவிட்டு வாருங்கள்."

"அவருக்கா? அவர் வீட்டில் என்ன இல்லை?"

"எனக்கு எப்படித் தெரியும்? கேட்டால்தானே தெரியும்."

மறுநாள் போய் ஜன்னலடியில் நின்று கேட்டார். "மாசிலாமணி, என்ன வேணும்?"

"உப்புக்கு அடி போடறீங்களா?"

"இல்லை."

"ஒண்ணும் வேணாம்."

அதற்கு அடுத்த நாளும் போனார். "ஒண்ணும் வேணாம்" என்றது ஜன்னல். குரு போதும் என்று சொல்லாததால் தினமும் போய்க்கொண்டிருந்தார். போகிற வழியில் மற்ற வீடுகள் இருந்தன. ஒரு வாசலில் மட்டும் நின்றுவிட்டுத் திரும்புவது ஒருமாதிரியாக இருந்தது. எதிர்வீட்டிலும் கேட்டார். பக்கத்து வீட்டிலும் கேட்டார்.

விசித்திரமாக இருந்தது. மூட்டை மூட்டையாக வாங்கி வைத்தவர்களுக்கு வேண்டியிருந்ததெல்லாம் சின்னச் சின்ன விஷயம். ஒரு வீட்டில் விளக்குத் திரி இல்லை. ஒரு வீட்டுக் கிழவருக்கு அடுத்த தெருவிலிருக்கும் மகள் சுகமாக இருக்கிறாளா என்று தெரிய வேண்டும். பினாயில் வாங்கியவர் வீட்டில் அரிசி இருந்தது, புளி இல்லை. புளி அதிகமாக வைத்திருந்த வீட்டில் சீயக்காய் இல்லை. அரங்கநாயகம் இங்கிருந்து அங்கும் அங்கிருந்து இங்குமாகக் கொண்டுபோய்க் கொடுத்தார். முதலில் ஒரு கை கொடுத்தவர்கள் பிறகு ஒரு படி கொடுத்தார்கள். மாசிலாமணி ஜன்னல் இடுக்கில் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டால் மட்டும், "ஒண்ணும் வேணாம்."

பிறகு நோய் ஆற்றைத் தாண்டியது.

முதலில் வண்டிப்பேட்டையில் ஒருவர். அப்புறம் கடைத்தெருவில். ஒரு காலை அரங்கநாயகம் சேணியர் தெரு முனைக்கு வந்தபோது தெரு வெறிச்சோடிக் கிடந்தது. மாசிலாமணி வீட்டுக் கதவில் சுண்ணாம்பால் பெரிய வட்டம் போட்டிருந்தார்கள். நோய் கண்ட வீடு என்பதற்கு அதுதான் அடையாளம்.

அரங்கநாயகத்தின் கால்கள் நின்றுவிட்டன. போக வேண்டும் என்று நினைத்தார். நினைத்துக்கொண்டே நின்றார். எத்தனையோ நாளாகக் கேட்டாகிவிட்டது, அவர்தான் ஒன்றும் வேண்டாம் என்கிறாரே என்று மனசு ஒரு நியாயத்தை எடுத்து நீட்டியது. அவர் திரும்பி நடந்தார்.

மடத்து வாசலில் குரு நின்றிருந்தார்.

"மாசிலாமணி வீட்டில் வட்டம் போட்டிருக்கிறார்கள் அம்மா."

"போனீர்களா?"

"முனைவரை."

திட்டுவார் என்று எதிர்பார்த்தார். குரு மேல்துண்டை எடுத்துப் போர்த்திக்கொண்டார்.

"வாருங்கள், சேர்ந்தே போவோம். முனைக்கு அப்பால் எனக்கு வழி தெரியாது. நீங்கள்தான் தினமும் போகிறவர்."

அரங்கநாயகம் முன்னால் நடந்தார். முனை வந்தது. பின்னால் குருவின் காலடிச் சத்தம் நிற்கவில்லை. அவரும் நிற்கவில்லை. ஜன்னல்களுக்குப் பின்னால் முகங்கள் அசைவது தெரிந்தது. சுண்ணாம்பு வட்டத்துக்கு முன்னால் போய் நின்றார். ஒருமுறை செருமிக்கொண்டு கூப்பிட்டார்.

"மாசிலாமணி!"

பதில் இல்லை.

"மாசிலாமணி! நான்தான். என்ன வேணும்?"

உள்ளே ஏதோ உருண்டு விழும் சத்தம் கேட்டது. கதவுக்குப் பக்கத்தில் யாரோ வந்து உட்கார்ந்தார்கள்.

"வந்துட்டீங்களா?" என்றது குரல். அதற்குமேல் கொஞ்ச நேரம் அழுகைதான் கேட்டது. "வாசல்ல வட்டம் போட்டிருக்கே, பார்க்கலையா?"

"பார்த்தேன். என்ன வேணும், சொல்லுங்கள்."

"தண்ணி."

அரங்கநாயகம் குருவைப் பார்த்தார்.

"எல்லாம் இருக்குதுங்க. மூட்டை மூட்டையா இருக்குது. தண்ணி ஒரு சொட்டு இல்ல. தெருக்கிணத்துல நான் வாளி விடக்கூடாதுன்னுட்டாங்க. சௌந்தரம் விடியலிலேர்ந்து வாந்தி. வாய் உலர்ந்து கிடக்கா. தண்ணி தண்ணிங்கறா. நான் அரிசி மூட்டை மேல உட்கார்ந்து அவளைப் பார்த்துக்கிட்டிருக்கேன்."

"கதவைத் திறந்து வையுங்கள்" என்றார் குரு. "ஐயா, தண்ணீர்."

வந்த வழியே ஓடினார் அரங்கநாயகம். அந்த வயதில் அவர் ஓடியதை மருதங்குடி அதுவரை பார்த்ததில்லை. மடத்துக் கிணற்றில் இறைத்து, இரண்டு குடங்களைக் கழியில் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். குரு அதற்குள் மாசிலாமணியின் அடுப்பை மூட்டியிருந்தார். தண்ணீரைத் தளதளவென்று கொதிக்க வைத்து, ஆறவிட்டு, அவர் வீட்டு உப்பையும் வெல்லத்தையும் அளவாகப் போட்டுக் கலக்கி, சௌந்தரத்தின் வாயில் சிறிது சிறிதாக விட்டார். விட்டதை அவள் வாந்தி எடுத்தாள். குரு கொஞ்சம் பொறுத்து மறுபடி விட்டார். அரங்கநாயகம் தண்ணீருக்கு நடந்தார். திரும்பி வந்தார். மறுபடி நடந்தார்.

மாலை வெயில் சாயும் நேரத்தில் அவர் தோள் தடித்துவிட்டது. தெரு முனையில் குடத்தை இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்கினார். முனை வீட்டுப் பெண் கதவைத் திறந்தாள். தெருக்கிணற்றில் இறைத்த தண்ணீர்க் குடம் ஒன்றை எடுத்து வந்து, கொஞ்ச தூரத்தில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவர் அதைத் தூக்கிக்கொண்டு போனார். அடுத்த நடைக்கு அங்கே வேறொரு வீட்டுக் குடம் இருந்தது. அன்றைக்கு அதற்குமேல் அவர் மடத்துக் கிணற்றுவரை போக வேண்டியிருக்கவில்லை.

சௌந்தரம் பிழைத்துக்கொண்டாள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அவள் முதலில் கேட்டது ரசம்சோறு. கேட்டுவிட்டு, மூட்டைகளைப் பார்த்துவிட்டுப் புருஷனிடம், "இதெல்லாம் எப்ப எடுத்துட்டுப் போவாங்க? கால் நீட்ட இடமில்ல" என்றாள். மாசிலாமணி வெகுநாளைக்கப்புறம் சிரித்தார்.

கதவில் இருந்த வட்டத்தை அவரே கழுவினார். மூட்டைகளைப் பிரித்து, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ள முன்னறையில் திறந்து வைத்தார். கைக்குழந்தைக்காரியின் வீட்டைத் தேடிக்கொண்டு போய், வாசலில் நின்று, என்ன பேசுவதென்று தெரியாமல் உப்பை வைத்துவிட்டு வந்தார். அடுத்தாற்போல் மூன்றாவது வீட்டில் வட்டம் விழுந்தபோது, தண்ணீரோடு முதலில் போய்க் குரல் கொடுத்தவர் அவர்தான். பினாயில்காரர் தன் பாட்டில்களைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனார். அவற்றுக்கு என்ன உபயோகம் என்று அவருக்கு அதற்குள் தெரிந்துவிட்டிருந்தது.

நோய் ஒரேயடியாகப் போய்விடவில்லை. சில வீடுகளில் ஆட்களைக் கொண்டுபோயிற்று. ஆனால் வட்டம் போட்ட எந்த வாசலும் குரல் கேட்காமல் இருக்கவில்லை.

ஒரு காலை அரங்கநாயகம் கடைத்தெருவிலிருந்து திரும்பி, பையை இறக்கி வைத்தார். உள்ளே போகாமல் கடைத்தெருப் பக்கமே திரும்பிப் பார்த்தார்.

"என்ன ஐயா?" என்றார் உமையாள் அம்மை.

"ஒன்று புரியவில்லை அம்மா. அக்கரையிலிருந்து வண்டி இன்னும் சரியாக வருவதில்லை. கடையில் சரக்கு, எல்லோரும் அள்ளுவதற்கு முன் அன்றைக்கு இருந்த அளவுகூட இல்லை. நோயும் ஊருக்குள்ளேயே வந்துவிட்டது. இன்றைக்குத்தானே அள்ளிக்கொண்டு போக வேண்டும்? வந்தவர்கள் வேண்டியதை வாங்கிக்கொண்டு பேசாமல் போகிறார்கள். கடைக்காரர், 'இன்னும் கொஞ்சம் எடுத்துக்குங்க' என்று ஒரு அம்மாளிடம் சொன்னார். அந்த அம்மாள், 'போதும்' என்றாள். எப்படி?"

குரு அடுப்பில் கஞ்சியைத் துழாவிக்கொண்டே கேட்டார்.

"யாரும் வரமாட்டார்கள் என்று இருக்கிறவனுக்கு எத்தனை மூட்டை இருந்தால் போதும், ஐயா?"

அரங்கநாயகம் கணக்கு எழுதிப் பழகியவர். மனசுக்குள் ஒரு மூட்டை வைத்துப் பார்த்தார். பத்து வைத்துப் பார்த்தார். வீடு நிறைய வைத்துப் பார்த்தார். கணக்கு நேராகவில்லை.

பிறகு குடங்களை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போனார்.