ஆற்றங்கரையில் நிழல் பார்த்த தலைவர்கள்

ஒரு காட்டில் ஒரு கூட்டணி இருந்தது. சிங்கம் இல்லை, தேடாதீர்கள். இந்தக் கதைக்குச் சிங்கம் தேவையில்லை.

யானை, காட்டெருமை, கரடி, மயில், சருகுமான். இவ்வளவுதான் கூட்டணி. யானை தலைவர். சருகுமான் கடைசி. அது முயல் அளவுதான் இருக்கும். மான் என்று யாராவது சொன்னால்தான் மான் என்றே தெரியும்.

செந்நாய்களுக்குப் பயந்து சேர்ந்த கூட்டணி அது. "நம்மில் ஒருவரைத் தொட்டால் எல்லோரையும் தொட்ட மாதிரி" என்று எல்லோரும் சத்தியம் செய்திருந்தார்கள். நல்ல சத்தியம். குறை சொல்ல முடியாது.

வருடத்துக்கு ஒரு முறை, நடுக்காட்டுக் குளக்கரையில் தலைவர்கள் கூடுவார்கள். கூடியதும் முதல் வேலை, நிழல் பார்ப்பது. எல்லோரும் வரிசையாக நின்று, தண்ணீரில் தங்கள் நிழல்கள் ஒன்றாகத் தெரிகின்றனவா என்று பார்க்க வேண்டும். தெரிந்தால்தான் கூட்டம் தொடங்கும். அது மரபு. ஏன் அப்படி என்று கேட்டால் யானை முறைக்கும்.

அந்த வருடம் கோடையில் கூட்டம் நடந்தது. சருகுமான் மூச்சு வாங்க ஓடி வந்தது.

"யானையண்ணா! செந்நாய்கள் ஆற்றுக்கு அக்கரையில் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள்!"

"வந்ததும் வணக்கம் சொல்லத் தெரியாதா?" என்றது யானை.

"வணக்கம் அண்ணா. ஆற்றில் தண்ணீர் வற்றிப் பாறைகள் தலை நீட்டிவிட்டன. இப்போது பாறை கொதிக்கிறது. வெயில் தாழ்ந்ததும் அதன் மேலேயே நடந்து வந்துவிடுவார்கள். என் வீடு கரையிலேயே இருக்கிறது. நேற்றுதான் குட்டி போட்டேன். அது இன்னும் நிற்கவே பழகவில்லை. கவ்விக்கொண்டு ஓட நான் என்ன பூனையா? நீங்கள் எல்லோரும் வந்து கரையில் கொஞ்ச நேரம் நின்றால் போதும்."

"நிற்கலாம், நிற்கலாம். முதலில் நிழல் பார்ப்போம்."

நிழல் பார்க்கப் போனார்கள். குளம் வற்றிக் குட்டையாகக் கிடந்தது. யானை கரையில் நின்றதும் குளம் முழுக்க யானைதான் தெரிந்தது.

"கொஞ்சம் நகருங்கள்" என்றது காட்டெருமை.

"தலைவர் நடுவில்தான் நிற்க வேண்டும்."

"நீங்கள் நடுவில் நின்றால் நான் எங்கே நிற்பது? உங்கள் வாலுக்குப் பின்னாலா?"

"போன வருடம் அங்கேதானே நின்றாய்?"

"அதனால்தான் கேட்கிறேன்!"

மயில் தோகையை விரித்தது. காட்டெருமையின் முகம் மறைந்துபோனது. கரடி பின்னங்காலில் எழுந்து நின்று பார்த்தது. அதன் வயிறு மட்டும் தண்ணீரில் தெரிந்தது. யாருக்கும் திருப்தி இல்லை.

"இது முடிகிறவரைக்கும் செந்நாய் விஷயத்தையாவது பேசுங்களேன்" என்று சருகுமான் கெஞ்சியது.

"மரபுப்படி பேசக் கூடாது. சும்மா பேசிக்கொள்ளலாம்" என்றது யானை.

மயில் தொண்டையைச் செருமியது. அலங்காரமாகப் பேசுவது அதன் வேலை. "'செந்நாய்களை வன்மையாகக் கண்டிக்கிறோம்' என்று ஒரு தீர்மானம் போடுவோம்."

"வன்மையாக வேண்டாம்" என்றது கரடி.

"ஏன்?"

"நல்ல தேன் எல்லாம் அக்கரையில் இருக்கிறது. நான் அடிக்கடி போக வேண்டியிருக்கிறது. அவர்கள் மனம் கோணக் கூடாது, பாருங்கள். 'லேசாக வருந்துகிறோம்' என்று போடலாமே."

"வருந்துவதா!" என்று காட்டெருமை காலால் மண்ணைப் பறித்தது. "முட்டுவோம்! ஒருவன் மிஞ்ச மாட்டான்!"

சருகுமான் துள்ளி எழுந்தது. "வாருங்கள் மாமா, போகலாம்!"

"எங்கே?"

"முட்டத்தான்."

"முட்டுவோம் என்றுதான் சொன்னேன். இன்றைக்கு என்று சொன்னேனா? எதையும் அவசரப்பட்டுச் செய்யக் கூடாது, பெண்ணே."

பிறகு, 'வருந்துகிறோம்' என்பதா, 'மிகவும் வருந்துகிறோம்' என்பதா என்று பேசினார்கள். 'மிகவும்' என்றால் எவ்வளவு என்று கரடி கேட்டது. யாருக்கும் தெரியவில்லை. மறுபடியும் நிழல் பார்க்கப் போனார்கள். மறுபடியும் சண்டை.

வெயில் தாழத் தொடங்கியது. சருகுமான் ஆற்றுப் பக்கம் திரும்பிப் பார்த்தது. அழுது பார்க்கலாமா என்று நினைத்தது. அழுதால் 'சருகுமானின் கண்ணீரைக் கவனத்தில் கொள்கிறோம்' என்று இன்னொரு தீர்மானம் போடுவார்கள். அதற்கும் நேரம் ஆகும்.

தலைவர்களை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பேசியது.

"யானையண்ணா, தப்பு உங்கள் மேல் இல்லை. குளத்தின் மேல்தான் தப்பு."

"அப்படிச் சொல்!" என்றது யானை.

"இவ்வளவு பெரிய தலைவர்களுக்கு இந்தக் குட்டையா? என் வீட்டுப் பக்கம் வந்து பாருங்கள். வற்றினாலும் ஆறு ஆறுதான். அங்கே கரை பிறை மாதிரி வளைந்திருக்கும். யார் எங்கே நின்றாலும் அவரவருக்குத் தாமே நடுவில் நிற்கிற மாதிரி இருக்கும்."

"எனக்கும் அப்படித்தான் இருக்குமா?" என்று காட்டெருமை கேட்டது.

"உங்களுக்குத்தான் முக்கியமாக, மாமா. சாயங்கால வெயிலில் உங்கள் கொம்பு தண்ணீரில் எப்படி மின்னும் தெரியுமா?"

"தோகை?" என்றது மயில்.

"அதற்குத்தான் அவ்வளவு பெரிய ஆறு."

கரடி தயங்கியது. "தூரமாயிற்றே."

"வழியில் நாவல் மரம் இருக்கிறது. பழம் உதிர்ந்து கிடக்கிறது."

கரடி முதல் ஆளாக நடந்தது.

தலைவர்கள் புழுதி பறக்க ஆற்றங்கரைக்கு வந்து சேர்ந்தார்கள். அங்கே செந்நாய்க் கூட்டம் ஏற்கெனவே ஆற்றில் இறங்கியிருந்தது. அவர்களின் தலைவன் நடுப்பாறையில் நின்றுகொண்டிருந்தான். இன்னும் இரண்டு தாவல் தாவினால் இக்கரை. கரையில் ஒரு மருத மரம். அதன் வேர்ப் பொந்தில் சருகுமானின் குட்டி படுத்திருந்தது.

சருகுமான் நேராக வேருக்கு ஓடியது. தலைவர்கள் நேராகத் தண்ணீருக்கு ஓடினார்கள்.

ஒருவராவது அக்கரையைப் பார்க்க வேண்டுமே! இல்லை. எல்லோர் கண்ணும் நிழல் மேல்தான்.

தும்பிக்கையைத் தூக்கினால் கம்பீரம் என்று யானைக்கு ஓர் எண்ணம். தூக்கியது, பிளிறியது. காட்டெருமை தன் கொம்பின் அழகைப் பார்க்கத் தலையைத் தாழ்த்தியது. கரடி பின்னங்காலில் எழுந்து இரண்டு கைகளையும் விரித்தது. மயில் தோகையை விரித்து அகவியது.

"என் காலை மிதிக்காதே!" என்று காட்டெருமை கத்திக்கொண்டே மண்ணை வாரி இறைத்தது.

"உன் கால் ஏன் என் நிழலில் இருக்கிறது?" என்று யானை திருப்பிக் கத்தியது.

நடுப்பாறையில் நின்ற செந்நாய்த் தலைவன் அப்படியே உறைந்துபோனான்.

"தலைவரே" என்று பின்னாலிருந்து ஒரு செந்நாய் முனகியது. "சருகுமான் குட்டி தனியாகக் கிடக்கிறது என்றீர்களே? இது என்ன?"

"எனக்கு மட்டும் எப்படித் தெரியும்?"

"எருமை தலையைத் தாழ்த்திவிட்டது. மண்ணைப் பறிக்கிறது. அடுத்தது என்ன என்று உங்களுக்குத் தெரியுமில்லையா?"

"கரடி நமக்கு வேண்டியவன் ஆயிற்றே?"

"கையை விரித்துக்கொண்டு நிற்கிறான் பாருங்கள். கட்டிப்பிடிக்கவா நிற்கிறான்?"

"ஓடு!" என்றான் தலைவன்.

ஓடினார்கள். பாறையில் வழுக்கி விழுந்து, எழுந்து, ஒருவர் மேல் ஒருவர் ஏறி ஓடினார்கள். அக்கரைப் புதர்கள் அசைந்தன. பிறகு அசையவில்லை.

"அங்கே என்னவோ ஓடுகிறதே?" என்று மயில் கழுத்தை நீட்டியது.

"குறுக்கே பேசாதே. தோகையைச் சுருக்கு" என்றது காட்டெருமை. "இன்றைக்கு வெளிச்சம் போதவில்லை. நாளைக் காலையிலும் சாயங்காலமும் வந்து பார்க்கப்போகிறேன். எதில் கொம்பு நன்றாகத் தெரிகிறது என்று முடிவு செய்தாக வேண்டும்."

"நீ வந்தால் நானும் வருவேன்" என்றது யானை. "நீ தனியாக நடுவில் நிற்கலாம் என்று பார்க்கிறாயா?"

"தினமும் வாருங்கள் அண்ணா" என்றது சருகுமான், வேருக்குப் பின்னாலிருந்து.

ஒருவழியாக நால்வரின் நிழலும் ஒன்றாகத் தெரிந்தது. சருகுமானின் நிழல் இல்லை. அதை யாரும் கவனிக்கவில்லை. யானை பெருமூச்சு விட்டது.

"மரபு முடிந்தது. இனி விஷயத்துக்கு வருவோம். சருகுமானே, உன் கோரிக்கை என்ன?"

சருகுமான் குட்டியை நக்கிக்கொண்டிருந்தது. குட்டி முதல் முறையாக எழுந்து, கால் நடுங்க நின்று பார்த்தது.

"ஒன்றுமில்லை அண்ணா. எல்லாம் முடிந்துவிட்டது."

"முடிந்துவிட்டதா?" யானைக்குக் கோபம் வந்துவிட்டது. "அது எப்படி முடியும்? நாங்கள் இன்னும் தொடங்கவே இல்லையே!"

நீதி: ஆபத்தில் இருப்பவனுக்கு வேண்டியது பக்கத்தில் வந்து நிற்கிற ஆள். தீர்மானத்தை அப்புறம் போட்டுக்கொள்ளலாம்.