கீழப்பாறைக்குளத்துக் கேட்வே

கீழப்பாறைக்குளத்தில் கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள் மூன்று பேர் இருந்தார்கள். ஊர் அப்படி நம்பியது. அவர்களும் நம்பினார்கள். கம்ப்யூட்டர் ஒன்றுதான் நம்பவில்லை.

மூவரில் மூத்தவர் ஆவுடையப்பன். யோசிக்கும்போது கண்ணை மூடிக்கொள்வார். சில சமயம் அப்படியே தூங்கிவிடுவதும் உண்டு. விழித்ததும் முடிவைச் சொல்வார். அதற்குத் தலையாட்டுவது கோமதிநாயகத்தின் வேலை. மூன்றாமவர் பலவேசம். எதற்கெடுத்தாலும் சந்தேகப்படுவார், சந்தேகப்பட வேண்டியதை மட்டும் விட்டுவிடுவார். மற்றபடி மூவரும் தங்கமானவர்கள். எனக்கு அவர்கள்மேல் கோபம் வந்ததே இல்லை. நான் சங்கத்துக்குப் பால் ஊற்றுகிறவன் இல்லை, அதனால் இருக்கலாம்.

அந்த ஊர்ப் பால் கூட்டுறவுச் சங்கத்தில் இருந்தது அந்தக் காலத்து மெயில். டவுனில் இருந்த தலைமை ஆபீசில் புது மாதிரி மெயில். இங்கிருந்து போகிற மெயிலை அங்கே இருக்கும் கம்ப்யூட்டர் மெயில் என்றே ஒப்புக்கொள்ளாது. அங்கிருந்து வருவது இங்கே கோழி கிளறின மாதிரி தெரியும். ஆகவே இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து, இதை அதாகவும் அதை இதாகவும் மாற்றித் தர ஒரு மென்பொருள் வேண்டியிருந்தது. அதற்குக் கேட்வே என்று பெயர். செய்து தர வேறு யாரும் முன்வராததால் வேலை இந்த மூவருக்கு வந்தது.

தலைமை ஆபீஸ் இன்ஜினியர் போனில் விளக்கினார்.

"மெயிலுக்கு உள்ளே இருக்கிற விஷயம் மாறவே கூடாது. உருவம் மட்டும்தான் மாறணும். திரும்பி வர்றது பழைய உருவத்துக்கு மாறி, அனுப்பினவங்ககிட்டயே போய்ச் சேரணும். எது வந்தாலும் 'கிடைத்தது'ன்னு ஒரு பதில் போகணும். எல்லாம் வந்த வரிசையிலதான் போகணும். புரியுதா?"

மூவரும் போனைப் பார்த்துத் தலையாட்டினார்கள். அவர் சொன்னதில் ஒன்றைக் கூட்டவுமில்லை, ஒன்றைக் குறைக்கவுமில்லை. அப்படியே செய்து முடித்தார்கள். சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர்கள் கிடைப்பது அபூர்வம். கிடைத்தால் என்ன ஆகும் என்பதைத்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

கேட்வே ஓடத் தொடங்கிய அன்று காலை, ஆவுடையப்பன் நல்ல நேரம் பார்த்து, "வணக்கம்" என்று ஒரு மெயில் போட்டார். "கிடைத்தது" என்று தலைமை ஆபீஸ் கம்ப்யூட்டர் பதில் போட்டது. வந்தது ஒரு மெயில் அல்லவா? அதற்குக் கேட்வே ஒரு "கிடைத்தது" போட்டது. சங்கத்துக் கம்ப்யூட்டரும் தன் பங்குக்கு ஒன்று போட்டது. அந்த இரண்டுக்கும் அங்கிருந்து இரண்டு வந்தன. மூவரும் பெற்ற பிள்ளை நடை பழகுவதைப் பார்க்கிற மாதிரி திரையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.

"நல்லா ஓடுதுவே," என்றார் ஆவுடையப்பன்.

"நிக்கவே இல்ல அண்ணாச்சி," என்றார் கோமதிநாயகம்.

காலைப் பால் முழுக்க வந்து இறங்கிய பிறகு, பாலைக் குளிர வைக்கிற தொட்டியின் மோட்டார் புகைந்து நின்றது. சங்கச் செயலாளர் இசக்கியம்மாள் மோட்டாரைத் தட்டிப் பார்த்தார், அசையவில்லை. போன மாதமும் ஒரு தொட்டிப் பால் கெட்டுப்போனது. இன்னொரு தடவை கெட்டால் நாற்காலியைக் காலி செய்துவிட வேண்டும் என்று தலைமை ஆபீஸ் அதிகாரி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். வீட்டில் அந்த ஒரு சம்பளம்தான்.

அந்த அதிகாரிக்கே இசக்கியம்மாள் போன் போட்டார். "டேங்கர் சும்மாதாம்மா நிக்குது," என்றார் அதிகாரி. "ஆனா மெயில் வந்தாத்தான் வண்டி கிளம்பும்."

இசக்கியம்மாள் ஓடி வந்து மெயில் அடித்தார். 'தொட்டி பழுது. பால் எடுக்க உடனே டேங்கர் அனுப்பவும்.' அடித்துவிட்டு, பக்கத்து அறையில் இருந்த மூவரிடம் வந்தார்.

"அண்ணாச்சி, என் மெயில் போச்சா?"

"போவும் தாயி. வரிசையில நிக்குது."

"முன்னால என்னதான் நிக்குது?"

"எல்லாம் 'கிடைத்தது'தான். காலையில இருந்து நிக்குதுல்லா."

"அதை நிறுத்துங்களேன்!"

மூவரும் அதிர்ந்துபோனார்கள்.

"நிறுத்துறதா?" என்றார் ஆவுடையப்பன். "அவ்வளவு பெரிய ஆபீஸ், கிடைச்சுட்டுன்னு நமக்குச் சொல்லுதாக. நாம வாயை மூடிக்கிட்டு இருந்தா என்ன மரியாதை?"

"விருந்துக்குப் போன வீட்டுல போயிட்டு வாறேன்னா, வாங்கன்னு சொல்லுவாக," என்றார் கோமதிநாயகம். "அவுக வாங்கன்னா நாம வாறோம்னு சொல்லணும். எங்க மச்சான் அப்படிச் சொல்லிச் சொல்லியே கடைசி பஸ்ஸை விட்டாரு. ஆனா மரியாதையை விடல."

பலவேசத்துக்குச் சந்தேகம் வந்தது. "யாராவது ஒருத்தர் முதல்ல நிறுத்தித்தானே ஆவணும்? யாரு நிறுத்தணும்?"

"பெரியவுக நிறுத்தணும்," என்றார் கோமதிநாயகம்.

"பெரியவுக எப்படி நிறுத்துவாக? சின்னவுகதான் அடங்கணும்," என்றார் ஆவுடையப்பன்.

"அடங்குனா கோவத்துல பேசலைன்னு நினைச்சுக்கிடுவாகளே," என்றார் பலவேசம்.

இசக்கியம்மாளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. "இங்க பால் சூடாயிட்டு இருக்கு அண்ணாச்சி! என் மெயிலையாவது முன்னால விடுங்க!"

"வந்த வரிசையிலதான் போவணும்னு இன்ஜினியர் சொல்லியிருக்காரு தாயி. உனக்குன்னு மாத்துனா மத்த மெயிலெல்லாம் என்ன நினைக்கும்?"

"அப்ப அந்தக் கேட்வேக் கம்பியைப் பிடுங்குங்க!"

ஆவுடையப்பன் கண்ணை மூடினார். ரொம்ப நேரம் மூடியிருந்தார். கடைசியில் கண்ணைத் திறந்து, "பிடுங்கலாம்," என்றார். "ஆனா சொல்லாமப் பிடுங்கக் கூடாது."

உடனே 'கம்பியைப் பிடுங்கப்போகிறோம்' என்று தலைமை ஆபீசுக்கு ஒரு மெயில் போட்டார்கள். அது வரிசையில் இசக்கியம்மாள் மெயிலுக்குப் பின்னால் போய் நின்றது. அதற்குக் 'கிடைத்தது' வரட்டும் என்று, கம்பியில் கையை வைத்தபடியே கோமதிநாயகம் காத்திருந்தார்.

இனி இவர்களை நம்பிப் பயனில்லை என்று இசக்கியம்மாளுக்குத் தெரிந்துவிட்டது. பால் திரிந்து நாறுவதற்கு முன்னால் அதை எதுவாகவாவது ஆக்கிவிட வேண்டும். அக்கம்பக்கத்து வீடுகளில் இருந்த தயிரையெல்லாம் வாங்கி வந்து, தொட்டியில் உறை ஊற்றினார். அன்றைக்கு அடித்த வெயில் மற்றதைப் பார்த்துக்கொண்டது.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு மெயில் போய்ச் சேர்ந்து, டேங்கரும் வந்தது. டிரைவர் மூடியைத் திறந்து பார்த்தார்.

"என்னம்மா, தயிரா இருக்கு? எனக்குப் பாலுன்னுல்லா ஆர்டர்."

இசக்கியம்மாள் படியில் உட்கார்ந்து தலையில் கையை வைத்துக்கொண்டார்.

ஆவுடையப்பன் தொட்டிக்குள் விரலை விட்டு நாக்கில் வைத்தார். கண்ணை மூடினார். அவர் முகம் மலர்ந்தது.

"மாறிட்டு!"

"என்ன மாறிட்டு?" என்றார் டிரைவர்.

"உருவம். உள்ள இருக்க விஷயம் அதே பாலுதான். கேட்வே பாலையும் மாத்தியிருக்கு!"

பலவேசம் சந்தேகத்தோடு ஒரு கை அள்ளிக் குடித்தார். "கொஞ்சம் புளிப்பு. ஆனா விஷயம் மாறல."

"அப்ப அனுப்பலாம்," என்றார் கோமதிநாயகம், கம்பியில் இருந்து கையை எடுக்காமலே.

தயிரை மோராகக் கடைந்துவிட்டு, குழாய் வழியே டேங்கரில் ஏற்றி அனுப்பினார்கள். அதை டேங்கரில் பார்த்த அதிகாரி, இசக்கியம்மாளை வேலையை விட்டு நீக்கிவிடலாம் என்றுதான் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். திரை முழுக்க, மேலிருந்து கீழ்வரை, தன் ஆபீஸ் அனுப்பிய 'கிடைத்தது' 'கிடைத்தது' 'கிடைத்தது' என்று நின்றது. காலையிலிருந்து இத்தனை தடவை கிடைத்தது என்று எழுத்தில் ஒப்புக்கொண்டுவிட்டு, இப்போது பால் கிடைக்கவில்லை என்று அவர் எந்த முகத்தோடு எழுதுவார்? பால் கிடைத்தது என்று பதிந்துவிட்டு, அத்தனை மோரையும் பஸ் ஸ்டாண்டில் தாகத்துக்கு ஊற்றச் சொன்னார். இசக்கியம்மாளின் நாற்காலி தப்பியது.

மறுநாள் காலை, ஒரு ராத்திரி நிம்மதியாகத் தூங்கின முகத்தோடு இசக்கியம்மாள் சங்கத்துக்கு வந்தார். ரோட்டோரத்தில் சங்கத்துக் காலி கேன்களையெல்லாம் அடுக்கி வைத்துக்கொண்டு மூவரும் டவுன் பக்கம் பார்த்து நின்றிருந்தார்கள்.

"என்ன அண்ணாச்சி, யாரை எதிர்பாக்கிய?"

"பாலைத்தான் தாயி. நேத்துத் தயிரா அங்க போச்சுல்லா? திரும்பி வாறது பழைய உருவத்துக்கு மாறணும்னு இன்ஜினியர் சொன்னாரே."

"திரும்பி வருமா?"

"வராம? பாலா வரும்."

"எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான்," என்றார் பலவேசம். "அனுப்பினவுககிட்டயே போய்ச் சேரணும்னும் சொன்னாரு. அதான் விடியக்காலமே வீடு வீடாப் போய்க் கூட்டியாந்துட்டோம்."

இசக்கியம்மாள் திரும்பிப் பார்த்தார். கேன்களுக்குப் பின்னால், நேற்றுக் காலை பால் வந்து இறங்கிய அதே வரிசையில், ஊர் மாடுகளெல்லாம் நின்றுகொண்டிருந்தன.