ஒரு மோட்டார் சைக்கிளுக்கு மூன்று விலை

தொழிற்சங்கக்காரன் பரிசு கொடுத்தாலும் அது தகராறில்தான் முடியும் என்று மலேசியாவில் எங்கள் தைப்பிங் வட்டாரத்தில் கேலி பேசுவார்கள். தகராறு செய்யாத சங்கம் எதற்கு என்பது என் கேள்வி. ஒரு கையுறைத் தொழிற்சாலையில் முப்பத்திரண்டு ஆண்டுகள் கிளைச் செயலாளராக இருந்தேன். நான் கொடுத்த மனுக்களை அடுக்கினால் ஆள் உயரம் வரும். வாங்கிய சம்பள உயர்வை அடுக்கினால் கணுக்காலைத் தாண்டாது. போகட்டும். இன்று சொல்லப்போவது ஆட்டுக்கறி விருந்தும் சிவப்பு மோட்டார் சைக்கிளும் உள்ள கதை. தீர்ப்பு உங்களுடையது, ஆகவே கவனமாகக் கேளுங்கள்.

கிளையின் நாற்பதாம் ஆண்டு விழா வந்தது. முதலாளி கொடுக்கும் தீபாவளி முறுக்கு டின்னைவிடப் பெரிய பரிசு ஒன்றை நம் ஆட்களுக்கு நாமே கொடுக்க வேண்டும் என்று எனக்கு ஒரு வீம்பு. சங்கப் பணத்தில் ஒரு மோட்டார் சைக்கிளை ரொக்கமாக வாங்கினேன். ரசீதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, போட்டி நோட்டீஸை ஒரே மூச்சில் எழுதி அச்சுக்குக் கொடுத்தேன். வண்டியின் விலையைச் சரியாகச் சொல்பவருக்கு வண்டி. ரசீதில் உள்ள தொகைதான் விடை என்பது என் நினைப்பு. ஆனால் நோட்டீஸ் எழுத உட்கார்ந்தால் என் பேனா சும்மா இருக்காது. அச்சில் வந்தது இது:

"தோழர்களே! நம் சம்பளத்தை மட்டுமே நம்பி வாழும் ஒரு தொழிலாளி, இந்த வண்டியை முழுதும் சொந்தமாக்க மொத்தம் எவ்வளவு வெள்ளி கொடுக்க வேண்டும்? சரியான தொகையை எழுதுபவருக்கே வண்டி!"

விழா அன்று ஆட்டுக்கறி விருந்துக்கு மண்டபம் நிறைந்தது. வாசலில் வண்டி, அதன் கழுத்தில் மல்லிகை மாலை. வந்த சீட்டுகளில் பாதி வெறும் விளையாட்டு. ஒருவர் "என் உயிர்" என்று எழுதியிருந்தார். கடைசியில் மூன்று சீட்டுகளே மிஞ்சின.

முதல் சீட்டு ஸ்டோர் கிளார்க் குணாளனுடையது. தினமும் வேலை முடிந்து வண்டிக் கடைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று வண்டியைப் பார்த்துப் பெருமூச்சு விடுபவன். வண்டியில் தொங்கிய அட்டையில் இருந்ததை அப்படியே எழுதியிருந்தான்: 5,290.

இரண்டாவது, சூப்பர்வைசர் ஆரோக்கியநாதன். போன மாதம் நாலு நம்பர் லாட்டரியில் அடித்த காசில் இதே ரக வண்டியை ரொக்கமாக வாங்கியவர். இன்னொன்று மருமகனுக்கு வேண்டுமாம். பதிவு, நம்பர் பிளேட், இன்சூரன்ஸ், சாலை வரி எல்லாம் சேர்த்து எழுதினார்: 5,940.

மூன்றாவது, பேக்கிங் பிரிவு மங்களேஸ்வரி. இதே ரக வண்டியை அவள் தவணையில் எடுத்து நான்கு வருடம் ஓட்டினாள். கணவர் ஆஸ்பத்திரியில் படுத்தபோது தவணை தவறியது. வண்டியை இழுத்துக்கொண்டு போனார்கள். இப்போது தொழிற்சாலைப் பேருந்தும் மாதக் கடைசியோடு நிற்கிறது. வீடு எட்டு மைல் உள்ளே. வண்டி இல்லையென்றால் அவளுக்கு வேலை இல்லை. முன்பணம் ஐந்நூறு, மாதம் நூற்று முப்பது வீதம் அறுபது மாதம் என்று கூட்டி எழுதியிருந்தாள்: 8,300.

"அட்டையில போட்டிருக்கிறதுதான்ணே விலை. மத்ததெல்லாம் வரி," என்றான் குணாளன்.

"அந்த விலையைக் கொடுத்துட்டு வண்டியைக் கடைக்குள்ளேயே ஓட்டுவியாடா?" என்றார் ஆரோக்கியநாதன். மண்டபம் சிரித்தது. அவர் என் பக்கம் திரும்பினார். "வடமலை அண்ணே, பையில இருக்கிற ரசீதை எடுங்க. அதுல என்ன இருக்கு?"

எடுத்தேன். 5,940. ஒரு காசு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அவருடைய மருமகன் விசில் அடித்தான்.

மங்களேஸ்வரி எழுந்து சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸைக் காட்டினாள். "அண்ணே, நீங்க எழுதினதை நீங்களே ஒரு தடவை படிச்சிருங்க."

"நாலு வருஷம் கட்டியும் உனக்குச் சொந்தமாகலையேம்மா. உனக்கு எப்படி விலை தெரியும்?" என்றார் ஆரோக்கியநாதன்.

"சொந்தமாகாததாலதான் சார் நல்லாத் தெரியும். கடைசித் தவணை கட்டுற வரைக்கும் வண்டி என்னுது இல்லைன்னு இழுத்துட்டுப் போனவனே சொல்லிட்டுத்தான் போனான். பாவம், பெட்ரோலை மட்டும் என் கணக்குல விட்டுட்டான்."

சிரிப்பு அடங்கச் சற்று நேரம் ஆனது. நான் ஒலிவாங்கியைப் பிடித்தேன். "சம்பளத்தில் மிச்சம் பிடித்து ரொக்கமாக வண்டி வாங்கியவர்கள் கை தூக்குங்கள்." முந்நூறு பேரில் ஒரு கையும் எழவில்லை. ஆரோக்கியநாதனின் கை மட்டும் பாதி எழுந்தது. பக்கத்தில் இருந்த அவர் மனைவி அதைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

வாசகர்களே, கேள்வி கேட்டவன் மனத்தில் இருந்த விடை 5,940. ரசீதும் அதற்குச் சாட்சி. அச்சில் உள்ள கேள்விக்கு வேறொரு விடையும் வருகிறது. மூவரில் வண்டி யாருக்குச் சேர வேண்டும்?

*

விடை: மங்களேஸ்வரிக்கு. குணாளனின் விலைக்கு வண்டி கடை வாசலைத் தாண்டாது. ஆரோக்கியநாதன் சொன்னது சரியான விலைதான்; ஆனால் அது லாட்டரி அடித்தவனுக்கும் சங்கத்துக்குமான விலை. சம்பளத்தை மட்டும் நம்பியவன் சொந்தமாக்கும் விலை 8,300 என்பதற்கு எழாத முந்நூறு கைகளே சாட்சி. என் மனத்தில் இருந்ததோ? "ஒப்பந்தத்தில் எழுதியது அப்படி, நாங்கள் நினைத்தது வேறு" என்று நிர்வாகம் சொன்ன போதெல்லாம் மேசையைத் தட்டியவன் நான். அதே வார்த்தையை என் வாயால் சொல்வேனா? ஆரோக்கியநாதனே சமையற்கட்டுக்குப் போய் புது வண்டிக்குச் சக்கரத்துக்கு ஒன்றாக இரண்டு எலுமிச்சம்பழம் கொண்டுவந்தார். முன்சக்கரத்துப் பழத்தின் அடியில் அந்த ரசீதை நான் வைத்தேன். மங்களேஸ்வரி பழத்தையும் ரசீதையும் நசுக்கிக்கொண்டு கிளம்பினாள். சங்கப் பொருளாளர் இன்றுவரை அந்த ரசீதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.