கல்லாற்றுக்காரர்கள் ஹெடர் மாட்டிய கதை

நான்கு பேர் சேர்ந்து, இரண்டு பேர் மட்டுமே உட்காரக்கூடிய ஒரு ஸ்போர்ட்ஸ் காரை வாங்கினார்கள். நியாயமாகப் பார்த்தால் கதை இங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஆனால் அந்த நால்வரும் எதையும் பாதியில் விட்டுவிடுகிற ஆட்கள் இல்லை.

மேட்டுப்பாளையத்தைத் தாண்டி ஊட்டி மலை ஏறத் தொடங்கும் இடத்தில் இருக்கிறது கல்லாறு. நால்வருக்கும் வீடு அங்கே, பிழைப்பு மேட்டுப்பாளையத்து உருளைக்கிழங்கு மண்டியில். கார் வந்ததும் 'மின்னல் மோட்டார் மன்றம்' என்று பலகை எழுதி மாட்டி, அர்த்தநாரியைத் தலைவராக்கினார்கள். நால்வரில் யோசிக்கத் தெரிந்தவர் அவர்தான் என்று மற்ற மூவரும் கைதட்டி முடிவு செய்தார்கள். அந்த மூவரையும் ஒரு முறை நன்றாகப் பார்த்தபிறகு, இந்தப் பட்டத்தில் பெருமைப்பட ஒன்றுமில்லை என்பது அர்த்தநாரிக்கே புரிந்துவிட்டது.

மூவரில் மூத்தவர் நாச்சிமுத்து. எதையும் ஆற அமர யோசித்துத் தவறாகப் புரிந்துகொள்வார். அடுத்தவர் குருந்தாசலம், சந்தேகப் பேர்வழி. கடைசி ஆள் ரங்கராஜு. அவரிடம் ஒரு லாரி இருந்தது. அதனால் எந்தக் கேள்விக்கும் அவருடைய பதில் லாரிதான்.

காரமடையில் ஒரு கல்யாணம். நால்வரும் காரில்தான் போவது என்று தீர்மானம். முதல் நடையில் அர்த்தநாரியும் நாச்சிமுத்துவும் போய் இறங்கினார்கள். மற்ற இருவரையும் அழைத்துவர வேண்டுமே? "ஒருத்தர் மட்டும் தனியாத் திரும்பினா அவருக்குச் சங்கடமா இருக்கும்" என்றார் நாச்சிமுத்து. அதனால் இருவருமே திரும்பி வந்தார்கள். பிறகு குருந்தாசலமும் ரங்கராஜுவும் போனார்கள். அவர்களுக்கும் அதே சங்கடம். அர்த்தநாரியின் மனைவி துளசிமணி மொய் எழுதி, பந்தியில் சாப்பிட்டு, தாம்பூலப் பையோடு ஸ்கூட்டரில் வீடு திரும்பியபோது, நால்வரும் வாசலில் நின்று காரைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

துளசிமணி ஸ்கூட்டரை நிறுத்தினாள். குரலை உயர்த்தவில்லை. அதுதான் அர்த்தநாரிக்குப் பயமாக இருந்தது.

"ஏனுங்க, இந்த வண்டி ஒருக்காவாச்சும் என்ற ஸ்கூட்டருக்கு முந்தி எங்கியாச்சும் போய்ச் சேர்ந்திருக்குதுங்களா?"

"இல்லீங்..."

"வர்ற ஞாயித்துக்கிழமை குன்னூர்ல எங்கண்ணன் வீட்டுக் கிரகப்பிரவேசம். அங்கிருந்து திரும்பறப்போ எனக்கு முந்தி இந்த வாசல்ல வந்து நிக்கோணும். இல்லீன்னா மக்யாநாள் திங்கக்கெழமையே புரோக்கரைக் கூப்பிட்டு வித்துப்போடுவேன்."

வாழ்நாள் முழுக்க அர்த்தநாரி வாங்கியதெல்லாம் கிழங்கு. ஆசைப்பட்டு வாங்கியது அந்தச் சிவப்புக் கார் ஒன்றுதான். அதில் உட்கார்ந்தால் தன் தொப்பைகூடக் கொஞ்சம் உள்ளே போவதாக அவருக்கு ஒரு நினைப்பு.

மன்றம் உடனே கூடியது. கல்யாணத்துக்கு ஏன் நேரமாயிற்று என்று நெடுநேரம் ஆராய்ந்தார்கள். இன்ஜினுக்குப் பவர் பற்றவில்லை என்று முடிவாயிற்று.

கோயம்புத்தூரில் பெனடிக்ட் என்று ஒருவர், பந்தயக் கார்களுக்குச் சாமான் மாட்டுகிறவர். இருவர் காரில், இருவர் பஸ்ஸில் என நால்வரும் போய் நின்றார்கள். அவர் பானெட்டைத் திறந்து காட்டி நிதானமாக விளக்கினார்.

"இன்ஜின்ல எரிஞ்ச புகை வெளியே வர்ற முதல் குழாய் இதுதான். கம்பெனி போட்டது இரும்பு வார்ப்பு, குறுகல். கல்யாண மண்டபத்துல எல்லாக் கூட்டமும் ஒரே கதவுல நெருக்கியடிச்சு வர்ற மாதிரி. இதைக் கழட்டிட்டு ஹெடர் மாட்டினா, ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி நீளக் குழாய். புகை முட்டாம மோதாம போகும். இன்ஜின் நல்லா மூச்சு விடும். இருபது குதிரைச் சக்தி வரைக்கும் கூடும்."

குதிரைச் சக்தி என்றதும் குதிரை வரும் என்று எதிர்பார்க்கும் அளவுக்கு இவர்கள் முட்டாள்கள் அல்ல. அந்தக் கட்டத்தையெல்லாம் போன வருஷமே தாண்டிவிட்டார்கள்.

"வண்டியை விட்டுட்டுப் போங்க, நானே மாட்டித் தர்றேன்" என்றார் பெனடிக்ட்.

"நம்ம வண்டி அசலூர்ல ராத்தங்கினா அதுக்குத் தூக்கம் வருமுங்களா?" என்று நாச்சிமுத்து கேட்டார்.

பெனடிக்ட் நால்வரின் முகத்தையும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஹெடரைப் பெட்டியில் வைத்துக் கொடுத்து, சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல் சொன்னார். "இன்ஜின் நல்லாக் குளிர்ந்த பிறகுதான் கை வைக்கணும். முதல் தடவை ஸ்டார்ட் பண்ணும்போது புகை வரும், பயப்படாதீங்க. வண்டியில வெயிட்டைக் குறைங்க, அதுவும் பவர் கூட்டின மாதிரிதான்."

வீட்டுக்கு வந்ததும் முதல் வாக்கியத்திலேயே நின்றுவிட்டார்கள்.

"நல்லாக் குளிரோணும்னு சொன்னாரே. கல்லாத்துல ஏதுங்க குளிர்?" என்றார் குருந்தாசலம்.

"குன்னூர் போதுமா?" என்றார் அர்த்தநாரி.

நாச்சிமுத்து தலையை ஆட்டினார். "குன்னூர்ல இருக்கறது வெறும் குளிரு தலைவரே. அவரு கேக்கறது நல்ல குளிரு. அதுக்கு ஊட்டிதான்."

இருவர் பஸ்ஸில் பின்னால் வர, இன்ஜினைக் குளிரவைக்கக் காரை ஊட்டிக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள். அத்தனை கொண்டை ஊசி வளைவுகளையும் இரண்டாவது கியரில் ஏறி, ஊட்டியில் ஒரு டீக்கடை முன்னால் நிறுத்திப் பானெட்டைத் திறந்தால், அனல் முகத்தில் அடித்தது. குருந்தாசலம் சந்தேகப்பட்டு விரலை வைத்துப் பார்த்தார். பிறகு சந்தேகப்படவில்லை, விரலை மட்டும் ஊதிக்கொண்டிருந்தார்.

"ஊட்டியும் முந்தி மாதிரி இல்லை" என்று பெருமூச்சு விட்டார் நாச்சிமுத்து.

டீக்கடைக்காரர், "கொஞ்ச நேரம் நிறுத்தி வைங்க, தானா ஆறிடும்" என்றார்.

"ஆறறதுக்கு ஊட்டி எதுக்குங்க? அது எங்க ஊர்லயே ஆறும்" என்று நாச்சிமுத்து அவரை மடக்கினார். குருந்தாசலமும் ரங்கராஜுவும் மெச்சிக்கொண்டார்கள்.

அப்போதுதான் ரங்கராஜு வாயைத் திறந்தார். "இன்ஜின் ஓடினாத்தானே சூடாகுது? என்ற லாரில ஏத்தியாரலாம்."

எனவே இறங்கி வந்து, மறுநாள் காலையில் காரை லாரியில் ஏற்றினார்கள். ஏற்றும்போது அர்த்தநாரி தற்செயலாக இன்ஜினைத் தொட்டார். பச்சைத் தண்ணீர் மாதிரி குளிர்ந்து கிடந்தது. இங்கேயே மாட்டிவிடலாமே என்று ஒரு யோசனை அவருக்கு வந்தது. ஆனால் மூவரும் அவ்வளவு பாடுபட்டு லாரிக்குப் பலகை சாய்த்து, கயிறு கட்டி, வியர்த்து நின்றார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்து அவருக்குச் சொல்ல மனம் வரவில்லை. தனக்கு வருகிற நல்ல யோசனையெல்லாம் இப்படி இரக்கத்தில் செத்துப்போவது அவருக்குப் பழக்கம்தான்.

அதே டீக்கடை முன்னால் ஹெடரை மாட்டினார்கள். அதை எப்படிச் சரியாக மாட்டினார்கள் என்பதுதான் இந்தக் கதையில் யாருக்கும் புரியாத ஒரே விஷயம். நட்டு ஒன்றுகூட மிஞ்சவில்லை. பளபளவென்று இருந்த குழாய்களில் தூசி விழக்கூடாதென்று குருந்தாசலம் தன் துண்டை அவற்றின்மேல் போர்த்திவிட்டுப் பானெட்டை மூடினார்.

அர்த்தநாரி சாவியைத் திருப்பினார். கார் உறுமியது! அந்தச் சத்தம் சீட்டு வழியாக அவர் முதுகுத்தண்டில் ஏறியது. ஆக்ஸிலேட்டரைத் தொட்டால் போதும், துள்ளியது. நெஞ்சு நிறைந்து, கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. துளசிமணியின் ஸ்கூட்டர் மனக்கண்ணில் ஒரு புள்ளியாகப் பின்னால் போய்க்கொண்டிருந்தது.

பானெட்டின் ஓரத்தில் புகை கிளம்பியது.

"புகைங்க" என்றார் குருந்தாசலம்.

"வரும்னு சொன்னாரல்ல" என்றார் நாச்சிமுத்து. "யாரும் பயப்படக் கூடாது."

"கறுப்பா வருதுங்களே?"

"நெறத்தைப் பத்தி அவரு ஒண்ணும் சொல்லலை."

"நெருப்பும் தெரியுது."

"அதுக்கும் சேர்த்து பயப்படாம இருந்துக்கலாம்."

அர்த்தநாரியும் இறங்கி வர, நால்வரும் கையைக் கட்டிக்கொண்டு வரிசையாக நின்றார்கள். கொஞ்சம்கூடப் பயப்படவில்லை. டீக்கடைக்காரர்தான் பயந்துபோய் ஓடிவந்து ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டினார். துண்டு சாம்பலாகி, பக்கத்து ஒயரெல்லாம் உருகி, இன்ஜின் அடங்கிவிட்டது. பயப்படாதே என்றுதான் பெனடிக்ட் சொன்னார், அணைக்காதே என்று சொல்லவில்லை. இந்த வித்தியாசம் அர்த்தநாரிக்குப் பிடிபட்டது, வாளி காலியான பிறகு.

ஞாயிற்றுக்கிழமை காரை லாரியில் குன்னூருக்குக் கொண்டுவந்து, மைத்துனரின் புது வீட்டுக்கு முன்னால் சரிவில் இறக்கினார்கள். ஸ்டார்ட் ஆகாத காருக்கும், 'வெயிட்டைக் குறைங்க' என்று பெனடிக்ட் சொன்ன மூன்றாவது வாக்கியம் பொருந்தும் என்பது மன்றத்தின் முடிவு. அதனால் ஸ்டெப்னி, ஜாக்கி, மிதியடி எல்லாவற்றையும் கழற்றினார்கள். தொலைந்துவிடாமல் இருக்க டிக்கியில் வைத்துப் பூட்டினார்கள். ஹெடருக்காகக் கழற்றிய பழைய இரும்புக் குழாயைப் பக்கத்து சீட்டில் உட்காரவைத்து பெல்ட் போட்டுவிட்டார்கள். "இத்தனை வருசம் ஒழைச்சது, அதை எப்படீங்க லாரில போடறது?" என்றார் நாச்சிமுத்து. அர்த்தநாரி தன் பங்குக்குப் பந்தியில் ஜாங்கிரி, வடை, பாயசம் மூன்றையும் தள்ளிவிட்டு மோர் மட்டும் குடித்தார். கல்யாணமானதிலிருந்து அவர் செய்த பெரிய தியாகம் அதுதான்.

துளசிமணி காரைச் சுற்றி வந்தாள். "ஓடுமுங்களா?"

"ஓடும்" என்றார் அர்த்தநாரி. "ஸ்டார்ட் மட்டும் ஆகாது."

அவளுக்கு அவரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் சொன்ன சொல்லை மாற்றுகிறவள் இல்லை. "மொல்ல லாரிலயே வாங்க. புரோக்கரை நாளைக்கு வரச் சொல்றேன்" என்று ஸ்கூட்டரில் ஏறிப் போய்விட்டாள்.

அர்த்தநாரி கடைசி முறையாக ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்தார். மூவருக்கும் அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. ஆறுதலாக ஆளுக்கொரு கை கொடுத்து, காரைக் கொஞ்சம் முன்னால் தள்ளிவிட்டார்கள்.

கார் கிளம்பிவிட்டது.

இன்ஜின் ஓடாத காரில் ஸ்டியரிங் கல்லாக இருக்கும், பிரேக்கின்மேல் ஏறி நின்றால்தான் கொஞ்சம் கேட்கும் என்பதை அர்த்தநாரி முதல் வளைவிலேயே தெரிந்துகொண்டார். இரண்டாவது வளைவில் எல்லாச் சாமிகளையும் கூப்பிட்டார். அதற்குப்பின் யாரையும் கூப்பிட மூச்சு வரவில்லை. பக்கத்து சீட்டில் பழைய குழாய் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தது.

பர்லியாறு அருகே சாலையோரத்தில் யானைக் கூட்டம். சத்தம் கேட்டால் மிரண்டுவிடுமென்று எல்லா வண்டிகளும் இன்ஜினை நிறுத்தி ஓரமாக ஒதுங்கி நின்றன. துளசிமணியும் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு நின்றுகொண்டிருந்தாள். அவளைத் தாண்டி, சின்னச் சத்தம்கூட இல்லாமல், ஒரு சிவப்புக் கார் வழுக்கிக்கொண்டு போயிற்று. உள்ளே தன் வீட்டுக்காரர் கண்ணை இறுக மூடிக்கொண்டு பிரேக்கின்மேல் நிற்பதை அவள் பார்த்தாள். யானைகள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஹெடர் மட்டும் உறுமியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைக்கவே வேண்டாம்.

கல்லாற்றில் இறக்கம் முடிகிற இடத்தில் வீடு. கார் வாசலுக்குள் நுழைந்து, மன்றத்தின் பலகையைச் சாய்த்து, அடுக்கியிருந்த கிழங்கு மூட்டைகளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்றது.

பின்னாலேயே பறந்து வந்த துளசிமணி, ஸ்கூட்டரைப் போட்டது போட்டபடி ஓடிவந்து அவர் கை காலையெல்லாம் தொட்டுப் பார்த்தாள். "ஏனுங்க, உங்களுக்குக் கொஞ்சமாச்சும் புத்தி இருக்குதா?" என்று கேட்டு அழுதாள். அர்த்தநாரி உண்மையைச் சொன்னார். "இல்லை கண்ணு. ஆனா முந்தி வந்துட்டேனல்ல?"

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "வந்துட்டீங்க. வண்டி இருந்துட்டுப் போகட்டும்."

லாரியில் வந்து சேர்ந்த மூவரும் காரை மாலை போடாத குறையாகச் சுற்றி வந்தார்கள். பிறகு மன்றம் கூடியது. இவ்வளவு வேகம் எப்படி வந்தது என்பதே பொருள்.

"ஹெடர்தான்" என்றார் ரங்கராஜு.

"ஹெடர் போட்டு இன்ஜின் ஓடினப்போ வண்டி நின்ன எடத்துலயே நின்னுச்சு" என்றார் குருந்தாசலம். "இன்ஜின் ஓடாதப்போ பறந்துச்சு. எனக்கு இன்ஜின்மேலதான் சந்தேகம்."

நாச்சிமுத்து கண்ணை மூடி நெடுநேரம் யோசித்தார். "வெயிட்டைக் குறைக்கச் சொன்னாரல்ல? இந்த வண்டில இருக்கறதுலயே பெரிய வெயிட்டு எது?"

எல்லோரும் பானெட்டைப் பார்த்தார்கள். அர்த்தநாரிக்கு மறுபடி ஏதோ ஒரு நல்ல யோசனை வந்தது. மூவரின் முகத்தையும் பார்த்தார். சொல்லவில்லை. ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தார்.

சாயங்காலம் பெனடிக்டுக்குப் போன் செய்தவரும் அவரே.

"சார், உங்க ஹெடர் அருமைங்க. என்ற சம்சாரமே ஒத்துக்கிட்டா. ஒண்ணே ஒண்ணு, இன்ஜினைக் கழட்டி வெச்சுட்டோமுங்க. அந்த எடம் காலியாக் கெடக்குது. அதுல மாட்டறதுக்கு இன்னொரு ஹெடர் அனுப்பறீங்களா?"

அந்தப் பக்கத்திலிருந்து பெனடிக்டின் குரல் மெல்ல வந்தது. "இன்ஜினே இல்லாம... அதுல புகைகூட வராதேய்யா!"

அர்த்தநாரி போனைக் கையால் பொத்திக்கொண்டு மூவரிடமும் விஷயத்தைச் சொன்னார். நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு தலைவர் என்ற முறையில் அவரே தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்:

"அப்படீன்னா இனி நாங்க பயப்படலாமுங்களா?"