புல்தரையில் குனிந்தவர்

குன்னூர்ப் பக்கம் ஒரு கிளப்பில் டென்னிஸ் பயிற்சி கொடுப்பவன் எபனேசர். கிளப்பின் தலைவர், அரசுச் செயலாளர் தாண்டவமூர்த்தி, கோப்பைப் போட்டியில் ஆட வந்து இறங்கினார். சென்னையில் சிமென்ட் தரையில் நெஞ்சு உயரத்துக்கு எழும்பும் பந்தை நிமிர்ந்து நின்றே அடித்துப் பழகியவர். இங்கோ புல்தரை. பந்து முழங்காலுக்கு மேல் எழும்பவில்லை. அவர் மட்டை வெறுங்காற்றைத்தான் அடித்தது.

“முட்டியை மடக்கிக் குனியணுங்க சார்” என்றான் எபனேசர்.

“நான் யாருக்கும் குனியற ஆள் இல்லைய்யா! நாளைக்குத் தோத்தேன்னா உனக்கு இங்கே வேலை கிடையாது.”

மறுநாள் ஆட்டம் தொடங்குமுன் எபனேசர் அவர் காதருகே போனான். “சார், உங்க அமைச்சர் அந்தப் பச்சைத் திரைக்குப் பின்னாடி உட்கார்ந்து பார்க்கிறாராம்.”

அவ்வளவுதான். செயலாளரின் முதுகு தானாக வளைந்தது, முட்டி மடங்கியது. கடைசிவரை நிமிரவே இல்லை. தாழ்ந்து வந்த பந்தெல்லாம் மட்டையில் வாகாகச் சிக்க, ஜெயித்தே விட்டார்.

கோப்பையோடு ஓடிப்போய்த் திரையை விலக்கி, ஆழமாக ஒரு கும்பிடு போட்டார். அங்கே புல் வெட்டும் இயந்திரம் நின்றது. கூட்டம் கொல்லென்று சிரித்தது.

“அமைச்சர் எங்கேய்யா?”

“டெல்லியில இருக்காருங்க. நீங்க குனியறதுக்கு அவர் பேரே போதும்னு நினைச்சேன் சார்.”

கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு அவனை எப்படித் துரத்துவது?