ராஜா தன் கையால் எழுதியது

கடலுக்கு இன்னும் உப்புப் போடாத காலம் அது. மணிமுடிப்பட்டணம் என்று ஒரு ஊர். அந்த ஊருக்கு விருதராஜன் என்று ஒரு ராஜா. அவனுக்கு எல்லாம் உண்டு, எழுதுகிற பழக்கம் மட்டும் கிடையாது. அவனுக்காக எழுதுவதற்கென்றே ஓலைநாயகம் என்று ஒருவர் இருந்தார். அந்த ஆளை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது! ஊரே பட்டினி கிடந்தால் 'விளைச்சல் சற்றுக் குறைவு' என்று எழுதுவார். சேவகர்கள் ஒருத்தனை அடித்து நொறுக்கினால் 'அறிவுரை வழங்கப்பட்டது' என்று எழுதுவார். ஒரு வார்த்தை இருக்கவேண்டிய இடத்தில் வேறொன்றை உட்கார வைப்பதே அவர் பிழைப்பு.

ராஜாவிடம் பேசுகிற மந்திரக்கோல் ஒன்று இருந்தது. ஒருநாள் காலையில் அதைச் சுழற்றிக்கொண்டு மாடத்தில் நின்றான்.

"மனுஷங்க பக்கம் நீட்டாதே," என்றது கோல்.

"சும்மா கிட," என்றான் ராஜா. கீழே தண்ணீர்க் குடம் சுமந்து போன சடையனைப் பார்த்து விளையாட்டாக நீட்டினான். அவ்வளவுதான், கால் முதல் மார்பு வரை சடையன் கல்லாகிவிட்டான்!

சடையனின் பெண்டாட்டி பூவாத்தாள் கயிறு திரிக்கிறவள். சேதி கேட்டுப் போட்டது போட்டபடி ஓடிவந்தாள். "ஐயோ! என் புருஷனை என்ன பண்ணினீங்க?"

ராஜா இறங்கி வந்தான். அவன் கையிலிருந்த கோல் சொன்னது: "நடந்ததை அதற்குரிய வார்த்தையால, செஞ்சவன் தன் கையாலேயே அந்தக் கல்லுல எழுதணும். எழுதினா உயிர் வரும். மூணே மூணு தடவைதான். மூணும் தப்பினா முழுக்கல்."

ஓலைநாயகம் தொண்டையைக் கனைத்தார். "மகாராஜா, நான் சொல்கிறேன், எழுதுங்கள். 'இங்கே ஒரு விபத்து நேர்ந்தது.'"

ராஜா கரித்துண்டால் எழுதினான். கல் கழுத்து வரை ஏறியது.

"விபத்தா?" என்று கத்தினாள் பூவாத்தாள். "இடி விழுந்துச்சா? மரம் சாஞ்சுச்சா?"

"சரி, 'இதற்காக வருந்துகிறோம்' என்று எழுதுங்கள், மகாராஜா."

எழுதினான். கல் வாய் வரை ஏறியது. சடையனால் பேச முடியவில்லை. அவன் கண் இரண்டும் பூவாத்தாளையே பார்த்தன.

மூன்றாவதற்கு ஓலைநாயகம் வாயைத் திறந்தார். பூவாத்தாள் விடுவாளா? "இன்னொரு வார்த்தை பேசினே, கயித்தால உன் வாயைக் கட்டிடுவேன்!" என்று அவரைத் தள்ளிவிட்டு ராஜாவின் முன்னால் போய் நின்றாள்.

"வீட்ல பிள்ளை பானையை உடைச்சா 'பானை உடைஞ்சு போச்சு'ன்னுதான் சொல்லும். காதைத் திருகினா 'நான்தான் உடைச்சேன்'னு வரும். உன் காதைத் திருக இத்தனை வருஷமா ஒருத்தரும் இல்லாமப் போயிட்டாங்க! என் புருஷன் கண்ணைப் பார்த்துச் சொல்லு. சொன்னதை எழுது."

சேவகர்கள் ஈட்டியை ஓங்கினார்கள். ராஜா கையமர்த்தினான். சடையனின் கண்களைப் பார்த்தான். அவற்றிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது.

"நாம்..." என்று ஆரம்பித்தான்.

"நாமா? கோலை எத்தனை பேர் பிடிச்சீங்க?"

ராஜாவின் தலை குனிந்தது. "நான்தான். கோல் வேண்டாம்னு சொல்லிச்சு, நான் கேட்கல. நான்தான் உன்னைக் கல்லாக்கினேன். தப்பு என்னோடது. என்னை மன்னிச்சிடு, சடையா." சொன்னதை அப்படியே, கோணல்மாணல் எழுத்தில் கல்லில் எழுதினான்.

மடமடவென்று கல் உதிர்ந்தது. சடையன் மூச்சை இழுத்துவிட்டு நின்றான். பூவாத்தாள் அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

ஓலைநாயகம் சும்மா இருந்தாரா? ஓலையை எடுத்து, "'சடையன் மன்னித்தான்' என்று முடித்துவிடலாமா?" என்றார்.

"அது என் வார்த்தைங்க," என்றான் சடையன். "தோணும்போது நானே சொல்லிக்கிறேன்."

அன்றைக்கே கோல் பூவாத்தாளின் கைக்குப் போயிற்று. அரண்மனை ஓலை எதுவானாலும் அவளிடம் படித்துக் காட்டாமல் வெளியே போகாது என்று ராஜா தன் கையாலேயே எழுதி ஒட்டினான். வார்த்தை ஒன்று இடம் மாறி உட்கார்ந்திருந்தால் அவள் விரல் நேரே ஓலைநாயகத்தின் காதுக்குப் போகும்.

சடையன் எப்போது மன்னித்தான் என்கிறீர்களா? ஒரு கோடை முழுக்க ராஜா அவன் குடத்தைச் சுமந்தான். கோடை முடிந்த அன்று, "போதும், மன்னிச்சிட்டேன். குடத்தை இறக்குங்க," என்றான் சடையன். அதற்கப்புறம்தான் கடலுக்கு உப்புப் போட்டார்கள்.